பிளாக்செயினில் ஒரு நாடு முன்னுக்கு வர அரசு என்ன செய்ய வேண்டும்?

கேள்வி:
பிளாக்செயின் என்பது பல கணினிகளில் பகிர்ந்து வைக்கப்படும், பின்னால் யாரும் எளிதில் மாற்ற முடியாத பதிவேடு. அமெரிக்காவில் இதில் போட்டித்திறனை வளர்க்கும் பொறுப்பை வர்த்தகத் துறைச் செயலரிடம் கொடுக்கும் மசோதா 2024 மே மாதம் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. சீனா 2020லேயே பி.எஸ்.என் என்று அரசு ஆதரவோடு ஒரு பிளாக்செயின் நெட்வொர்க்கைத் தொடங்கிவிட்டது, கிரிப்டோ வர்த்தகத்தை மட்டும் 2021ல் முழுசாகத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் கிரிப்டோ சொத்துகளுக்கு மைக்கா என்ற விதிகளைக் கொண்டுவந்தது. இதில் எதுதான் உண்மையில் பலன் தரும்? மானியமா, சட்டமா, அரசே பயன்படுத்துவதா?

பதில் 1:
சட்டம்தான், சந்தேகமே வேண்டாம். நிறுவனம் தொடங்குபவர் வக்கீலிடம் முதலில் கேட்பது இரண்டு விஷயம்: டோக்கன் (பங்கு போன்ற உரிமையைக் குறிக்கும் பிளாக்செயின் பதிவு) கை மாறினால் பங்கும் சட்டப்படி கை மாறியதாக அர்த்தமா, டோக்கனை வைத்திருக்கும் நிறுவனம் திவாலானால் அது என் சொத்தா, கடன்காரர்களுக்குப் போய்விடுமா. சுவிட்சர்லாந்து 2021ல் தனிச்சட்டம் எதுவும் போடாமல், இருக்கிற சட்டங்களையே திருத்தி இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டது. பணம் கொடுத்து நிறுவனங்களை அழைத்து வரலாம், ஆனால் இந்தப் பதில் இல்லாத ஊரில் அவர்கள் தங்க மாட்டார்கள்.

பதில் 2:
பாதிதான் ஒத்துக்கொள்வேன். எஸ்டோனியாவைப் பாருங்கள். 2012 முதல் அரசுப் பதிவேடுகளைக் காக்க கே.எஸ்.ஐ என்ற முறையைப் பயன்படுத்துகிறார்கள் (அதை பிளாக்செயின் என்று சொல்லலாமா என்ற சண்டை தனி). மருத்துவப் பதிவு எதுவும் செயினில் ஏறுவதில்லை, அதன் ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற குறியீடு) மட்டும்தான். உள்ளே இருக்கிற நிர்வாகியே ஒரு எழுத்தை மாற்றினாலும் ஹாஷ் ஒத்துப்போகாது, மாட்டிக்கொள்வார். அரசே இப்படிப் பெரிய வாடிக்கையாளராக நின்றால் உள்ளூர் பொறியாளர்களுக்கு நிஜமான சிக்கலைத் தீர்த்த அனுபவம் கிடைக்கும், அதை வெளியே கொண்டுபோய் விற்கலாம். எந்தச் சட்டமும் அந்த அனுபவத்தைக் கொடுக்காது.

பதில் 3:
பிளாக்செயின் என்று பெயர் வைத்துத் திட்டம் போடுவதே எனக்குப் பிடிக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் 2020ல் பிளாக்செயினுக்கென்று தேசியச் செயல்திட்டம் வெளியிட்டார்கள், அங்கேயே பங்குச் சந்தை தன் செட்டில்மென்ட் முறையை (விற்ற பங்கும் பணமும் கை மாறும் ஏற்பாடு) பிளாக்செயினுக்கு மாற்றும் வேலையை 2022 நவம்பரில் நிறுத்தி, சுமார் 25 கோடி ஆஸ்திரேலிய டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியது. அதே மாதம் கப்பல் நிறுவனமான மெர்ஸ்க்கும் ஐபிஎம்மும், சரக்குப் போக்குவரத்துக்கான தங்கள் பிளாக்செயின் தளமான டிரேட்லென்ஸை மூடுவதாகச் சொன்னார்கள், துறை முழுவதும் சேர்ந்து வரவில்லை என்பதுதான் காரணம்.

மாறாக பிரிட்டன் 2023ல் செய்ததைக் கவனியுங்கள். கப்பல் சரக்குக்கான பில் ஆஃப் லேடிங் (சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் நிறுவனம் தரும் ஆவணம்) யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் சரக்கு. ஆனால் மின்னணு ஆவணத்தை ஒருவர் 'கையில் வைத்திருக்க' முடியும் என்பதை ஆங்கிலச் சட்டம் ஏற்கவில்லை, அதனால் எவ்வளவு நல்ல மென்பொருள் எழுதினாலும் கடைசியில் காகிதம் வேண்டியிருந்தது. மின்னணு வணிக ஆவணச் சட்டம் அந்தத் தடையை எடுத்துவிட்டது. எந்தத் தொழில்நுட்பம் என்று அது கட்டாயப்படுத்தவும் இல்லை, ஒரே நேரத்தில் ஒருவர் கட்டுப்பாட்டில்தான் இருக்க வேண்டும், நகல் அசலாக நடமாடக் கூடாது, இப்படி நிபந்தனைகள் மட்டும்தான். பிளாக்செயினால் முடிந்தால் அது வரட்டும்.

கேட்டவர்:
பதில் 3 எனக்குப் புதிது, நன்றி. அப்போ மைக்கா மாதிரி விரிவான விதிகள் வேண்டாம் என்கிறீர்களா?

பதில் 3:
அப்படி இல்லை. மக்கள் பணம் புழங்கும் இடத்தில் விதி கட்டாயம் வேண்டும், ஒரு நாட்டில் வாங்கிய உரிமம் 27 நாடுகளிலும் செல்லும் என்பது சின்ன நிறுவனத்துக்குப் பெரிய வரம். ஆனால் அந்த உரிமம் வாங்க ஆகும் செலவையும் காலத்தையும் குறைப்பதில்தான் அரசு இனி மெனக்கெட வேண்டும், இல்லையென்றால் பெரிய வங்கிகள் மட்டும்தான் மிஞ்சும்.