புதுப்பிப்பு: நேம்சர்வரை மாற்றிய அண்ணாச்சி

ஏ ரெக்கார்டை (வெப்சைட் எந்த சர்வரில் இருக்கிறது என்று சொல்லும் பதிவு) மட்டும் மாற்றச் சொன்னால், இப்படிப்பட்ட எல்லாப் பதிவுகளையும் வைத்திருக்கும் நேம்சர்வரையே மாற்றிவிட்டு, மெயில் வரவில்லை என்று என்னிடம் கத்திய தாராவி தோல் பை வியாபாரியைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். நேரில் போகச் சொன்னீர்கள், போனேன்.

90 அடி ரோட்டில் கடை. அண்ணாச்சி டீ வாங்கிக் கொடுத்தார், முகம் மட்டும் இறுக்கமாகவே இருந்தது. எதை மாற்ற வேண்டும் என்று நான் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைத் தன் போனில் காட்டினார். எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி! அதை யாராலும் படிக்க முடியாது, என் தப்புதான். நேம்சர்வர் மாறினால், மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டு பழைய நேம்சர்வரிலேயே நின்றுவிடும், மெயிலுக்குப் போகும் வழி தெரியாது என்று பில் புத்தகத்தின் பின்பக்கம் வரைந்து காட்டினேன்.

"இதை முதல்லயே சொல்லக்கூடாதா தம்பி?" என்றார். நான் வாதாடவில்லை. புது நேம்சர்வரில் எம்எக்ஸ் சேர்த்தோம். இரண்டாவது டீ முடிவதற்குள் ஒரு ஆர்டர் மெயில் வந்து விழுந்தது. இனி அவருக்கு வாய்ஸ் மெசேஜ்தான், ஒரு முறைக்கு ஒரே வேலை.