வயதான குதிரைக்குக் கால்வலி: வலி மருந்தை எவ்வளவு, எத்தனை நாள் கொடுக்கலாம்?

கேள்வி: குதிரை வளர்ப்பவர், அந்தியூர் வட்டாரம்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தோட்டத்தில் மயிலி என்ற பெண் குதிரை இருக்கிறாள். மார்வாரிக் கலப்பு, ஆடி மாதம் குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டி நடக்கும் சந்தையில் அப்பா குட்டியாக வாங்கி வந்தார். இப்போது வயது 22 இருக்கும். வண்டியும் சவாரியும் நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

கடந்த மழைக்காலத்திலிருந்து காலையில் லாயத்தை விட்டு வெளியே வரும்போது அவளுடைய பின்னங்கால்கள் இரண்டும் விறைத்திருக்கின்றன. கொஞ்ச தூரம் நடந்தபின் சற்றுத் தளர்கிறது; ஆனால் திரும்பும்போது காலை எடுத்து வைக்காமல் குளம்பின் நுனியைத் தரையில் இழுக்கிறாள். பந்தயக் குதிரை லாயத்தில் வேலை பார்த்த உறவினர் ஒருவர் சொன்னபடி, ‘பியூட்’ எனப்படும் ஃபீனைல்பியூட்டசோன் பொடியைக் காலையில் 1 கிராம், மாலையில் 1 கிராம் என வெல்லத்தில் கலந்து கொடுத்து வருகிறோம். நடை தேறியது உண்மைதான். ஆனால் கடந்த சில வாரங்களாகக் கொள்ளை மீதம் வைக்கிறாள், லத்தியும் இளகிப் போகிறது. மருந்தை நிறுத்தினால் மறுபடியும் நொண்டுகிறாள்.

இந்த மருந்தை இன்னும் எவ்வளவு காலம் கொடுக்கலாம்? இதைவிடப் பாதுகாப்பான வேறு மருந்து உண்டா? அவள் வலியில் நிற்பதைப் பார்க்கவும் முடியவில்லை, மருந்தால் வேறு கெடுதல் வந்துவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது.

மறுமொழி: கால்நடை மருத்துவர், கோவை

வணக்கம். நேரில் பார்க்காமல் முடிவாக எதையும் சொல்ல இயலாது. ஆனாலும் நீங்கள் எழுதியதில் ஒன்று உடனே கவனிக்க வேண்டியதாக இருப்பதால் அதை முதலில் சொல்கிறேன். இந்த மருந்தை எடுத்துக்கொள்ளும் குதிரை தீனியை மீதம் வைத்து, லத்தியும் இளகினால், மருந்து வயிற்றையோ பெருங்குடலையோ புண்ணாக்கத் தொடங்கியிருக்கலாம் என்றுதான் நாங்கள் எடுத்துக்கொள்வோம். உங்கள் பகுதி கால்நடை மருத்துவரிடம் இன்றே பேசி, பொடியை நிறுத்துவது பற்றிக் கேளுங்கள். இரத்தத்தில் அல்புமின் என்ற புரதத்தையும் சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினினையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். பெருங்குடல் புண்ணானால் அல்புமின் குடல் வழியாகக் கசிந்து குறையும்; முற்றிய நிலையில் வயிற்றுக்கு அடியில் நீர் கோத்த வீக்கம் தெரியும். இரைப்பைக்கான ஒமிப்ரசோல் மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது இரைப்பையைத்தான் காக்கும், பெருங்குடலைக் காக்காது.

அடுத்தது அளவு. ஃபீனைல்பியூட்டசோனில் பயன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறுகியது. முதல் நாளுக்குப் பிறகு ஒரு நாளைய மொத்த அளவு உடல் எடையில் கிலோவுக்கு 4.4 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நீண்ட நாள் கொடுப்பதென்றால் அதில் பாதிக்கு, முடிந்தால் அதற்கும் கீழே கொண்டுவர வேண்டும். நாளுக்கு 2 கிராம் என்பது ஏறத்தாழ 450 கிலோ எடையுள்ள பந்தயக் குதிரைக்கான கணக்கு. மார்வாரிக் கலப்புக் குதிரை அந்த எடை இருக்குமா என்பதே என் சந்தேகம். துணி அளக்கும் நாடாவால் முன்னங்கால்களுக்குப் பின்னே, முதுகுமேட்டை ஒட்டி மார்பைச் சுற்றி எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து கொள்ளுங்கள். பிறகு தோள்பட்டையின் முன்முனையிலிருந்து பிட்டத்தின் பின்முனை வரை நீளத்தை அளந்து கொள்ளுங்கள். மார்புச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, வருவதை நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ கணக்கில் எடை கிடைக்கும். கண்மதிப்பை விட இது எவ்வளவோ மேல்.

மூன்றாவது, வலி எங்கிருந்து வருகிறது என்பது. எழுந்ததும் விறைப்பு, நடக்க நடக்கத் தளர்வு, குளம்பு நுனி இழுபடுதல் ஆகிய மூன்றும் பின்னங்காலின் நடுவில் மடங்கும் பெரிய மூட்டில் தேய்மானம் இருப்பதைச் சுட்டுகின்றன. ஆனால் இந்த வயதில் குளம்பழற்சி (குளம்புக்குள் வரும் அழற்சி) இல்லை என்று உறுதி செய்யாமல் விடக் கூடாது. முன்னங்குளம்புகளைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருக்கிறதா? குளம்புக்கு மேலுள்ள கணுவின் பின்பக்கம் இரு ஓரங்களிலும் விரல் வைத்தால் நாடி பலமாக அடிக்கிறதா? முன்பாரத்தைக் குறைக்கப் பின்னுக்குச் சாய்ந்து நிற்கிறாளா? முடி நீண்டு சுருண்டு, கோடையிலும் உதிராமல் இருக்கிறதா? தண்ணீர் அளவுக்கு மீறிக் குடிக்கிறாளா? அப்படியானால் வயதான குதிரைகளுக்கு வரும் பிட்யூட்டரி சுரப்பிக் கோளாறுக்கு ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனின் இரத்தப் பரிசோதனை தேவைப்படும். அந்தக் கோளாறு உள்ள குதிரைக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குளம்பழற்சி வரக்கூடும். ஆகவே ‘ஒரே ஊசியில் எழுந்து ஓடும்’ என்று யார் சொன்னாலும் ஏற்க வேண்டாம்.

என்ன தீனி போடுகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

மறுமொழி: மாட்டுப்பண்ணை வைத்திருப்பவர், சத்தியமங்கலம்

எங்கள் மாடுகளுக்கு முன்பு டைக்ளோஃபினாக் ஊசி போட்டால் மறுநாளே எழுந்து நிற்கும். மனிதர்களுக்கான ஊசி கடையில் கிடைக்கிறது. செலவும் குறைவு. அதைப் போட்டுப் பார்க்கலாமே?

மறுமொழி: கால்நடை மருத்துவர், கோவை

வேண்டாம், ஐயா. கால்நடைகளுக்கு டைக்ளோஃபினாக் தருவது 2006 முதல் இந்தியாவில் தடை செய்யப்பட்டிருக்கிறது. 2023-இல் கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபினாக்கும் அந்தத் தடையில் சேர்ந்தன. மருந்து உடலில் இருக்கும்போது இறந்த கால்நடையைத் தின்னும் பாறு கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து மடிகின்றன. தமிழ்நாட்டில் அவை கடைசியாகத் தங்கியிருக்கும் மோயாற்றுப் பள்ளத்தாக்கு உங்களுக்கும் கேள்வி கேட்டவருக்கும் எட்டும் தூரத்தில் இருக்கிறது. இதை மனதார வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். மெலாக்சிகாம் பாறு கழுகுகளுக்குக் கெடுதல் செய்யாது என்று பரிசோதித்து நிறுவப்பட்ட மருந்து, குதிரைக்கும் ஏற்றது. தவிர, ஒரு வலி மருந்து உடலில் இருக்கும்போதே அதே வகையைச் சேர்ந்த இன்னொன்றைச் சேர்த்தால் வலி குறைவது சிறிது, குடலும் சிறுநீரகமும் கெடுவது பெரிது.

கேட்டவர்

ஐயா, மிக்க நன்றி. எங்கள் மருத்துவரிடம் பேசிப் பொடியை அன்றே நிறுத்திவிட்டோம். மார்புச் சுற்றளவு 165, நீளம் 150 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் 344 கிலோ வருகிறது. இரத்தப் பரிசோதனையில் அல்புமின் 2.2 கிராம், சற்றுக் குறைவு என்றார். கிரியேட்டினின் சரியாக இருக்கிறது. முன்னங்குளம்புகளில் சூடு இல்லை, நாடியும் தட்டுப்படவில்லை. முடி வழக்கம்போல உதிர்ந்திருக்கிறது.

தீனியாகக் காலையில் கோதுமைத் தவிடும் கொள்ளும், பகல் முழுவதும் மாட்டுக்கு வெட்டும் கோ-4 தீவனப்புல்லும் போடுகிறோம். இன்னொன்றும் கவனித்தேன்: முன்னங்கால் கணுக்களின் முன்பக்கத்தில் இரண்டிலும் உராய்ந்த தழும்பு இருக்கிறது, ஒன்றில் பொருக்கு புதிதாகத் தெரிகிறது. எங்கும் இடித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

மறுமொழி: கால்நடை மருத்துவர், கோவை

நல்ல கவனிப்பு. முதலில் அந்தப் பொருக்கைப் பற்றிச் சொல்கிறேன். குதிரை நின்றபடி உறங்கும் என்பது பாதி உண்மைதான். ஆழ்ந்த உறக்கத்துக்கு அது படுத்தாக வேண்டும். மூட்டு வலியால் படுக்கவும் எழவும் அஞ்சும் குதிரை நாள்கணக்கில் படுக்காமலேயே இருந்து, நின்ற நிலையில் உறக்கம் மேலிட்டு முன்னே சரியும்போது கணுக்களின் முன்பக்கம் தரையில் உராய்கிறது. மயிலி இரவில் படுக்கிறாளா என்பதே இனி நீங்கள் பார்க்க வேண்டிய முதல் அளவுகோல். காலையில் உடலிலும் வாலிலும் வைக்கோல் துணுக்கு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். நடை சற்றே நொண்டினாலும் படுத்து எழுகிறாள் என்றால் மருந்து போதுமானது. நன்றாக நடந்தும் படுக்கவில்லை என்றால் போதவில்லை. சிமெண்டுத் தரையாக இருந்தால் அதன்மேல் ஆழமாக வைக்கோலோ தென்னை நார்க்கழிவோ பரப்புங்கள். மணல் போட்டால் தீனியைத் தொட்டியில் வையுங்கள். மணலோடு சேர்த்துத் தின்றால் வயிற்றுவலி வரும்.

344 கிலோவுக்கு அந்தப் பொடி நாளொன்றுக்கு அதிகபட்சம் 1.5 கிராம், அதுவும் குறுகிய காலத்துக்கே. அவளுக்குப் போனது 2 கிராம், கிலோவுக்கு 5.8 மில்லிகிராம். தீனியை மீதம் வைத்ததற்கு இது போதுமான காரணம். அல்புமின் குறைந்திருப்பதால் குடல் ஆறும்வரை இந்த வகை மருந்து எதுவும் வேண்டாம் என்றே நினைக்கிறேன். இடைக்காலத்தில் பாராசிட்டமால் உதவும். குதிரைக்கு அதைக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் வீதம் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை தருவதுண்டு. மயிலிக்கு ஒரு வேளைக்கு 6.9 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரைகள் 14. உங்கள் மருத்துவர் கல்லீரல் பரிசோதனையைப் பார்த்து ஒப்புக்கொண்டால் மட்டுமே தொடங்குங்கள். மாத்திரை அட்டையில் பாராசிட்டமால் மட்டும் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள், ஏனெனில் கடைகளில் அசிக்ளோஃபினாக்கோ டைக்ளோஃபினாக்கோ கலந்த மாத்திரைகள் மிகுதி. அல்புமின் ஏறியபின் மெலாக்சிகாமுக்கு மாறலாம், கிலோவுக்கு 0.6 மில்லிகிராம், நாளுக்கு ஒருமுறை, அவளுக்கு ஏறத்தாழ 206 மில்லிகிராம். தண்ணீர் குறைவாகக் குடிக்கும் நாளில் எந்த வலி மருந்தும் சிறுநீரகத்துக்குக் கூடுதல் சுமை. எனவே தொட்டி எப்போதும் நிறைந்திருக்கட்டும்.

இனி தீனி. என் மனதில் பெரிதாக நிற்பது இதுதான். கோ-4 போன்ற கம்பு நேப்பியர் புல்லில் ஆக்சலேட் மிகுதி. அது குடலிலேயே சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு உடலில் சேர விடாது. மாட்டின் முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடுவதால் மாட்டுக்குப் பெரும்பாலும் தொந்தரவில்லை, குதிரைக்கு அந்த வசதி இல்லை. தவிட்டில் பாஸ்பரஸ் சுண்ணாம்பைப் போலப் பல மடங்கு. இரண்டும் சேர்ந்து மாதக்கணக்கில் போனால் உடல் எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுத்து இரத்தத்தை நிரப்பிக்கொள்ளும். கால் மாறி மாறி நொண்டுவதும் விறைப்பும் அதன் தொடக்க அறிகுறிகள்; முற்றினால் முக எலும்பு இருபுறமும் தடிக்கும். இரத்தத்தில் கால்சியம் சரியாகக் காட்டினாலும் இந்தக் குறை இருக்கலாம், எலும்பைக் கரைத்துத்தான் அந்த அளவு காக்கப்படுகிறது. மூட்டுத் தேய்மானத்தோடு இதுவும் கலந்திருந்தால் எந்த வலி மருந்தும் முழுப்பயன் தராது. தவிட்டை நிறுத்துங்கள். கோ-4 புல்லைப் படிப்படியாகக் குறைத்து, கொழுக்கட்டைப் புல் தவிர்த்த மற்ற உலர்புல்லையும், சுண்ணாம்புச் சத்து நிறைந்த குதிரை மசாலையும் கொடுங்கள். கொழுக்கட்டைப் புல்லிலும் ஆக்சலேட் உண்டு என்பதால் அப்படிச் சொன்னேன். தீவனத் தரத்திலுள்ள கால்சியம் கார்பனேட் பொடியின் அளவை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பை ஒருபோதும் போட வேண்டாம், வாயும் குடலும் வெந்துவிடும்.

மறுமொழி: லாடம் அடிப்பவர், உதகை

மருந்தைப் பற்றி மருத்துவர் சொல்லிவிட்டார், நான் குளம்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நுனி இழுபடும் குதிரைக்குப் பின்னங்குளம்பின் நுனி தேய்ந்து சதுரமாகத் தெரியும். அப்படி இருந்தால் கனமான இரும்பு லாடத்தைக் கழற்றிவிட்டு, ஆறு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவி, நுனியைச் சற்று உருட்டிவிடச் சொல்லுங்கள். குளம்பு எளிதாகப் புரண்டு எழுந்தால் மூட்டில் இழுப்பு குறையும். காலைத் தூக்கும்போது வழக்கமான உயரத்துக்குத் தூக்கக் கூடாது. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மரக்கட்டைமேல் குளம்பை வைத்துச் சீவி, நடுநடுவே இறக்கி ஓய்வு கொடுக்க வேண்டும். இல்லையென்றால் வயதான குதிரை உதைக்கும்; அது முரண்டு அல்ல, வலி. மருந்து வேலை செய்யும் நேரமாகப் பார்த்து, கொடுத்து ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்

அண்ணா, பின்னங்குளம்பு நீங்கள் சொன்னபடியேதான் இருக்கிறது. நுனி சதுரமாகத் தேய்ந்திருக்கிறது. தவிட்டை நிறுத்திவிட்டோம், மசால் வாங்க ஏற்பாடு செய்திருக்கிறோம். எங்கள் மருத்துவர் பாராசிட்டமாலுக்கு ஒப்புக்கொண்டார். லத்தி கெட்டிப்பட்டுவிட்டது, நேற்றுக் காலை வால் நிறைய வைக்கோல் ஒட்டியிருந்தது. எக்ஸ்ரே எடுக்க நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துப் போகலாமா? வண்டியில் அவ்வளவு தூரம் நிற்பது அவளுக்கு வேதனையாக இருக்குமே என்று தயங்குகிறோம். நாளெல்லாம் கட்டி வைப்பதா, நடக்க விடுவதா என்பதையும் சொல்லுங்கள்.

மறுமொழி: கால்நடை மருத்துவர், கோவை

கட்டி வைக்க வேண்டாம். தேய்ந்த மூட்டு அசையாமல் இருந்தால் மேலும் விறைக்கும். சமமான மண் தரையில் தானாக மேய்ந்தபடி நடமாட விடுங்கள், கல்லும் மேடுபள்ளமும் உள்ள இடத்தைத் தவிர்க்கவும். பனியும் மழையும் உள்ள இரவில் லாயத்துக்குள் இருக்கட்டும்.

எக்ஸ்ரேவுக்கு இப்போது அவசரமில்லை. முதலில் கையடக்க எக்ஸ்ரே கருவியுடன் தோட்டத்துக்கே வருபவர் கிடைக்கிறாரா என்று உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். தீனி மாறி ஆறு முதல் எட்டு வாரம் ஆனபின்னும் விறைப்பு அப்படியே இருந்தால் எக்ஸ்ரே பயன் தரும். பின்னங்கால் மூட்டின் கீழ்வரிசை எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் நிலையில் இருக்கின்றனவா என்று அதில் தெரியும். அவை முழுவதும் ஒட்டிவிட்டால் அசைவு கொஞ்சம் குறைந்தாலும் வலி பெரும்பாலும் அடங்கிவிடும். ஒட்டாமல் வீங்கியிருந்தால் மூட்டுக்குள் ஊசி போடுவது பற்றி அப்போது யோசிக்கலாம்.

இரண்டு வாரத்தில் அல்புமினை மறுபடி பாருங்கள். அதற்குள் தீனியை முழுவதும் மறுத்தாலோ, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்துத் தரையைப் பிறாண்டினாலோ, வயிற்றின் அடியில் விரல் அழுத்தினால் குழி விழும் வீக்கம் வந்தாலோ, விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவரை அழையுங்கள்.