மொரோக்கோவின் குளிர்கால இனிப்பும் கசப்புத் தேநீரும்: அனுபவப் பகிர்வு

மொரோக்கோ என்றதும் பாலைவன வெயிலை எண்ணிக் கம்பளி ஆடை இல்லாமல் வந்து இறங்குபவர்கள் பலர். ஆப்பிரிக்கக் கண்டத்திலேயே மிகக் குறைந்த வெப்பநிலையான மைனஸ் 23.9 டிகிரி பதிவானது இந்நாட்டின் இஃப்ரான் என்னும் மலையூரில்தான், 1935 பிப்ரவரியில். கடலோரத்தில் அவ்வளவு குளிர் இல்லை. ஆனாலும் பெரும்பாலான வீடுகளில் வெப்பமூட்டி கிடையாது என்பதால், டிசம்பர் பிறந்துவிட்டால் வெளியைவிட வீட்டுக்குள்தான் அதிகம் நடுங்க வேண்டியிருக்கும். கணவரின் உரத் தொழிற்சாலைப் பணிக்காக எல் ஜதீதாவில் குடியிருந்தபோது, அக்குளிரில் கூடும் விருந்துகளில் இனிப்பையும் தேநீரையும் தனித்தனியாகப் பார்க்கக் கூடாது என்பதைக் கண்டுகொண்டேன். அங்குள்ள இனிப்புகள் நம் நாவுக்குத் திகட்டுகின்றன என்று சொல்பவர்கள், பெரும்பாலும் தேநீர் இல்லாமல் அவற்றைத் தின்றவர்களாகவே இருப்பார்கள்.

மொரோக்கோ என்றால் புதினாத் தேநீர் என்றே எல்லோரும் எழுதுகிறார்கள். குளிர்காலத்தில் புதினா மணம் குன்றிவிடும். அப்போது அதன் இடத்தைப் பிடிப்பது ‘ஷீபா’ என்னும் செடி. நம் மாசிபத்திரியின் இனத்தைச் சேர்ந்தது, சாம்பல் பூத்த இலையும் கடுங்கசப்பும் உடையது, உடம்புக்குச் சூடு தரும் என்று அவர்கள் நம்புவது. குண்டுமணிபோல் சுருண்டிருக்கும் சீனப் பச்சைத் தேயிலையைக் கெண்டியில் போட்டுச் சிறிது கொதிநீர் ஊற்றி, முதலில் இறங்கும் ஒரு குவளைச் சாற்றைத் தனியே எடுத்து வைப்பார்கள். இரண்டாம் முறை ஊற்றிய நீரைச் சுழற்றிக் கீழே கொட்டிவிட்டு, எடுத்து வைத்த சாற்றை மீண்டும் சேர்த்து, நிறைய நீர் விட்டு அடுப்பில் ஏற்றிய பிறகுதான் சர்க்கரையும் ஷீபாவும் உள்ளே போகும். கரண்டியால் கலக்கும் வழக்கம் இல்லை. குவளையில் ஊற்றுவதும் அதைக் கெண்டியிலேயே திருப்பிக் கொட்டுவதுமாகச் சில முறை செய்து கலப்பார்கள். கடைசியில் கையை நன்றாக உயர்த்தி ஊற்றும்போது குவளையின் மேல் நுரை தலைப்பாகைபோல் நிற்க வேண்டும். நுரை இல்லாத தேநீரை வைத்தால் மரியாதைக் குறைவு என்று எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா கண்டிப்பாகச் சொல்வார்.

சர்க்கரையோ இரண்டு கிலோ எடையுள்ள கூம்பாக வருகிறது. அதைச் சிறு சுத்தியலால் உடைத்துப் போடுகிறார்கள். கல்யாண வீட்டுக்கும் துக்க வீட்டுக்கும் கையில் எடுத்துச் செல்வதும் அந்தக் கூம்பைத்தான். இத்தனை சடங்கோடு கூடிய தேநீர் நாடெங்கும் பரவியது 19ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் என்பது எனக்கு வியப்பாக இருந்தது. 1853 முதல் 1856 வரை நடந்த கிரிமியப் போரால் பால்டிக் பகுதிச் சந்தையை இழந்த ஆங்கிலேய வணிகர்கள் டாஞ்சியர், எஸ்ஸவீரா துறைமுகங்களில் தேயிலையை இறக்கியதே அதற்குக் காரணம் என்று சொல்கிறார்கள்.

இனி ஷெபாக்கியா என்னும் தேனில் ஊறிய பூ வடிவ இனிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரமலானுக்கு முந்தைய வாரங்களில் தெருப் பெண்கள் ஒரே வீட்டில் கூடி இதைச் செய்வார்கள். மாவில் வறுத்துப் பொடித்த எள், சோம்பு, பட்டை, குங்குமப்பூ, கொஞ்சம் வினிகர், ஆரஞ்சுப் பூவிலிருந்து வடித்த நீர் ஆகியவற்றைச் சேர்த்துக் கெட்டியாகப் பிசைந்து, மெல்லியதாகத் தேய்த்துச் செவ்வகமாக வெட்டுவார்கள். ஒவ்வொரு துண்டிலும் ஓரத்தைத் தொடாமல் நான்கு கீறல்கள் விழும். அதனால் உண்டாகும் ஐந்து பட்டிகளில் ஒன்றுவிட்டு ஒன்றை விரலில் கோத்துத் தூக்கி, எதிரெதிர் முனைகளைச் சேர்த்து அழுத்தி, உட்புறத்தை வெளியே திருப்பினால் பூ வடிவம் வந்துவிடும். எண்ணெயில் கரும்பழுப்பாகப் பொரிந்ததும் சூடு ஆறுவதற்கு முன்பே வெதுவெதுப்பான தேனில் முக்க வேண்டும். ஆறிய ஷெபாக்கியா தேனைக் குடிக்காது. நோன்பு திறக்கும்போது ஹரீரா என்னும் காரச் சூப்போடு இதைத் தின்கிறார்கள். 2030இல் ஜனவரியில் ஒன்றும் டிசம்பர் இறுதியில் ஒன்றுமாக இரண்டு ரமலான் தொடங்கவிருப்பதால், இன்னும் சில ஆண்டுகளுக்கு இது குளிர்காலப் பலகாரம்தான். கடையில் தேனுக்குப் பதில் குளுகோஸ் பாகில் ஊறியதை வாங்குவதைவிட வாங்காமலே இருக்கலாம்.

*

சகோதரி தேநீரைப் பற்றி எழுதியதை முழுமையாக ஆமோதிக்கிறேன். நான் இருந்தது தெற்கே, அகாதிர் பக்கம். அங்கே வட ஆப்பிரிக்காவின் பூர்வகுடிகளான அமாசிக் மக்களின் புத்தாண்டான ‘யென்னாயெர்’தான் குளிர்காலத்தின் பெருவிழா. ஜனவரி 14ஆம் நாளை அரசு விடுமுறையாக்கும் முடிவை மன்னர் ஆறாம் முகமது 2023 மே மாதம் அறிவித்தார். விடுமுறையோடு முதன்முறையாகக் கொண்டாடப்பட்ட 2024 அவர்கள் கணக்கில் 2974ஆம் ஆண்டு. நம் பொங்கலும் ஏறக்குறைய அதே நாளில் வருவதால், அங்கே வேலை செய்த தமிழர்களுக்குக் கேட்காமலே கிடைத்த விடுமுறை அது.

முந்தைய இரவில் ‘தகுல்லா’ சமைக்கிறார்கள். பார்லிக் குருணையை நீண்ட நேரம் வேகவைத்துக் கிண்டி, பெரிய தட்டில் குவித்து, நடுவே குழித்து, ஆர்கன் என்னும் மரத்தின் கொட்டையிலிருந்து எடுக்கும் எண்ணெயும் தேனும் ஊற்றி வைப்பார்கள். தட்டைச் சுற்றி அமர்ந்து, அவரவர் பக்கத்திலிருந்து எடுத்துக் குழியில் தொட்டு உண்ண வேண்டும். உள்ளே ஒரு பேரீச்சங்கொட்டை ஒளிந்திருக்கும். யார் கைக்கு அது வருகிறதோ அவருக்கு அந்த ஆண்டு முழுவதும் யோகம். பிள்ளைகள் அதற்காகவே வேகவேகமாக உண்பதையும், எதிர்ப்பக்கத்தில் பாட்டி கண்டும் காணாததுபோல் கொட்டையைப் பேரன் பக்கம் நகர்த்துவதையும் பார்த்திருக்கிறேன்.

எனக்கு அதைவிடப் பிடித்தது ‘அம்லூ’. வறுத்த பாதாமைக் கல் திரிகையில் விழுதாக அரைத்து, வறுத்த ஆர்கன் பருப்பிலிருந்து எடுத்த எண்ணெயும் தேனும் கலந்தால் ஊற்றும் பதத்தில் வரும். சூடான ரொட்டியைப் பிய்த்து அதில் தோய்த்துத் தின்கிறார்கள். ஆர்கன் கொட்டையைக் கல்லில் வைத்து ஒவ்வொன்றாக உடைக்கும் பெண்களின் கைத்திறனும் அம்மரம் சார்ந்த அறிவும் 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றன. விலை குறைவாக இருந்தால் பாதாமுக்குப் பதில் வேர்க்கடலை சேர்ந்திருக்கும் என்று சந்தேகியுங்கள். அதுவும் சுவையாகத்தான் இருக்கிறது, ஆனால் பாதாம் விலையைக் கொடுக்கத் தேவையில்லை.

*

மராகேஷ் செல்பவர்களுக்காக என் பங்கு. ஜெமா எல் ஃப்னா சதுக்கத்தில் இரவானதும் பெரிய செம்புக் கலங்களை வைத்து ‘குதெஞ்சால்’ விற்பார்கள். சித்தரத்தை, பட்டை, கிராம்பு, இஞ்சி எல்லாம் போட்டுக் கொதிக்கவைத்த கஷாயம் அது. நம் வீட்டில் இருமலுக்குக் கொடுத்தால் முகம் சுளிக்கும் ஆட்கள் அங்கே வரிசையில் நின்று காசு கொடுத்துக் குடிக்கிறோம். கூடவே ‘ஸெல்லு’ ஒரு கரண்டி தருவார்கள். வறுத்த கோதுமை மாவு, எள், பாதாம், நெய், தேன், சோம்பு சேர்ந்த இனிப்பு. அடுப்பில் வேகவைப்பதில்லை, வாரக்கணக்கில் கெடாது, பிள்ளை பெற்றவளுக்குத் தெம்புக்காகக் கொடுப்பதும் இதைத்தான். முதலில் ஸெல்லுவைத் தின்று, பிறகு கஷாயத்தைக் குடித்தால் காரம் அளவாகத் தெரியும்.

ஷீபாவைப் பற்றி ஒன்று சேர்த்துக்கொள்ளலாம். ஒரு கெண்டிக்கு ஒரு சிறு கிளை போதும். கூடினால் சர்க்கரை எவ்வளவு போட்டாலும் கசப்பு இறங்காது. கர்ப்பிணிகள் அதைத் தவிர்க்க வேண்டும். அவர்கள் கேட்டால் எலுமிச்சை வாசமுள்ள லூயிசா இலையில் தனிக் கெண்டி போட்டுத் தருவார்கள். இனிப்புக்கு அதுவும் நன்றாகவே பொருந்தும்.