கலைச்சொல் விவாதம்: கிராஃபைட் ஷாஃப்ட், காம்போசிட் ஷாஃப்ட்

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து

அனைவருக்கும் வணக்கம்.

இங்கே தென்னாப்பிரிக்காவில் கோல்ஃப் மட்டை பழுதுபார்க்கக் கற்றுக்கொள்ளும் இளைஞர்களுக்கான தமிழ்க் கையேடு பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. தலை, பிடி, பூண் ஆகிய மூன்று சொற்களையும் எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள். உலக்கைக்கும் கைத்தடிக்கும் போடும் பூண்தான் இங்கே தலையும் தண்டும் சேருமிடத்தில் வருகிறது. அதற்குப் புதுச்சொல் தேட வேண்டியிருக்கவில்லை.

தலைக்கும் பிடிக்கும் நடுவில் உள்ள ஷாஃப்டில்தான் தடை. வரைவில் எஃகுத் தண்டு, காரீயத் தண்டு, கலவைத் தண்டு என்று மூன்று வகை கொடுத்திருக்கிறேன். பென்சிலுக்குள் இருப்பதைக் காரீயம் என்கிறோமே, கிராஃபைட்டும் அதுதானே என்று எண்ணி அப்படி வைத்தேன். அச்சுக்குப் போகுமுன் பணிமனையில் இருப்பவர்கள் கருத்துச் சொல்லுங்கள். ‘டார்க்’ (தண்டு முறுகும் அளவு), ‘ஃபிளெக்ஸ்’ (தண்டு வளையும் தன்மை), ‘ஹோசல்’ (தலையில் தண்டு நுழையும் குழல்) ஆகியவற்றுக்கும் சொல் வேண்டும்.

டர்பனிலிருந்து

வணக்கம் ஐயா. காரீயத் தண்டு என்ற சொல்லைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். காரீயம் என்றதும் படிக்கிறவருக்கு ஈயம் நினைவுக்கு வரும். ஈயத்தின் அடர்த்தி தண்ணீரைப்போல் 11 மடங்குக்கு மேல், எஃகுக்கு ஏறத்தாழ 7.8, நாம் பேசும் இந்தத் தண்டின் பொருளுக்கு 1.6 அளவுதான். தண்டைக் கையில் எடுத்ததும் முதலில் தெரிவது அதன் லேசு. இரும்பு மட்டைக்கான எஃகுத் தண்டு 130 கிராம் வரை போகும். நெடுந்தூரம் அடிக்கும் டிரைவர் என்ற மட்டைக்கான கிராஃபைட் தண்டு பெரும்பாலும் 40 முதல் 80 கிராமுக்குள் அடங்கிவிடும். லேசான பொருளுக்கு ஈயத்தை நினைவூட்டும் பெயர் வைத்தால் கற்கிறவன் முதல் பாடத்திலேயே குழம்புவான்.

இன்னொன்று, அதில் இருப்பது பென்சில் கிராஃபைட் இல்லை. பென்சில் முனை தாளில் தேய்ந்து உதிர்வது, அதன் படலங்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவதால். தண்டில் இருப்பது கார்பன் இழை. பாலிஅக்ரிலோநைட்ரில் என்ற செயற்கை இழையை 1000 பாகை செல்சியஸுக்கு மேல், காற்றில்லாமல் சுட்டு எடுப்பார்கள். ஓர் இழையின் குறுக்களவு 5 முதல் 7 மைக்ரோமீட்டர். 2000 பாகைக்கு மேல் மறுபடி சுட்டால் விறைப்பு கூடிய உயர்வகை இழை கிடைக்கும். கிராஃபைட் என்ற பெயர் கண்டிப்பாகப் பார்த்தால் இந்த உயர்வகைக்குத்தான் பொருந்தும். கடையில் எல்லாவற்றையும் கிராஃபைட் என்றே விற்கிறார்கள், அது வணிக வழக்கு. நாம் பொருளைப் பார்த்துப் பெயர் வைப்போம். என் பரிந்துரை கரியிழைத் தண்டு.

கலவைத் தண்டு என்பதும் ஒத்துவராது. சிமெண்டும் மணலும் சேர்ந்தால் கலவை. அதில் எது எந்தத் திசையில் கிடக்கிறது என்ற கேள்வியே இல்லை. இங்கே திசைதான் எல்லாம். தண்டு எப்படி உருவாகிறது என்று சொன்னால் இது விளங்கும்.

இழைகளை ஒரே திசையில் பரப்பி, எப்பாக்சி பிசினை ஊட்டித் தாளாக வைத்திருப்பார்கள். ஒரு தாளின் கனம் ஏறக்குறைய 0.1 மி.மீ. அதைக் கொடித்துணி வடிவத் துண்டுகளாக வெட்டி, நுனிநோக்கிக் கூம்பிய எஃகு உட்கோலின்மேல் சுருட்டுவார்கள். சில துண்டுகளில் இழை தண்டின் நீளவாக்கில் ஓடும். வளைவைத் தாங்குவது அவை. சில துண்டுகளில் 45 பாகை சாய்வாக, ஒன்று இடமும் ஒன்று வலமுமாக ஓடும். முறுக்கைத் தாங்குவது அவை. இன்னும் சில குறுக்கே வளையம் போட்டாற்போல் ஓடும். சுவர் ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய கனமுள்ள குழல் என்பதால், வளையும்போது சப்பிப்போகாமல் காப்பவை இவை. கையேட்டில் மூன்றுக்கும் நெட்டிழை, சாய்விழை, வளையிழை என்று கொடுக்கலாம்.

சுருட்டிய பிறகு மேலே பாலிப்ரொப்பிலீன் நாடாவை இழுத்துச் சுற்றி, 120–130 பாகை அடுப்பில் ஒன்றிரண்டு மணி நேரம் வைப்பார்கள். சூட்டில் நாடா சுருங்கி அடுக்குகளை நெருக்கும். காற்றுக்குமிழி வெளியேறும். பிசின் இறுகும். பிறகு உட்கோலை உருவி, நாடாவை உரித்து, நாடா பதிந்த வரிகள் போகும்வரை தேய்த்துச் சாயம் பூசுவார்கள். நெட்டிழையைக் கூட்டினால் விறைப்பு கூடும், சாய்விழையைக் கூட்டினால் முறுக்கம் குறையும். பொருளின் அளவு மாறாமலே இழையின் திசையை மாற்றி வேறொரு தண்டு செய்யலாம். எஃகில் இது முடியாது. பெயரில் இழை என்ற சொல் கட்டாயம் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஆகவே, காம்போசிட் ஷாஃப்ட் என்ற குடும்பத்துக்கு இழைப்பிசின் தண்டு. கரியிழைத் தண்டு அந்தக் குடும்பத்தில் ஒன்று. கண்ணாடியிழைத் தண்டு இன்னொன்று. அது மூத்ததும்கூட. நம் நாட்டு கோல்ஃப் வீரர் கேரி பிளேயர் 1965இல் அமெரிக்க ஓபன் போட்டியை வென்றது ஷேக்ஸ்பியர் நிறுவனத்தின் கண்ணாடியிழைத் தண்டு மட்டைகளால்தான். அதே ஆண்டு நம் டர்பனில் நடந்த நேட்டால் ஓபனில் இந்திய வம்சாவளி வீரர் பாப்வா சுகோலம் பிளேயரை முந்தி வென்றார் என்பதைக் கையேட்டில் ஒரு வரியாவது சேர்க்க வேண்டும். கரியிழை வந்தது அதற்குப் பின், 1960களின் இறுதியில். அதே ஷேக்ஸ்பியரில் பணியாற்றிய ஃபிராங்க் தாமஸ்தான் அதை வடிவமைத்தார்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து

தம்பி, விளக்கம் நன்றாக இருக்கிறது. வகுப்பில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவள் என்ற முறையில் மூன்று ஐயங்கள்.

கரி என்றால் பிள்ளைகளுக்கு அடுப்புக்கரி. பாடநூலில் கார்பனுக்குக் கரிமம் என்று வந்துவிட்டது. கரிம இழை என்று வைத்தால் பாடத்தோடு சேர்ந்து போகுமே? இரண்டாவது, பிசின் என்றால் கையில் ஒட்டும் வேப்பம்பிசின், முருங்கைப்பிசின். இறுகிப்போன பொருளை இன்னும் பிசின் என்றே சொல்லலாமா? கூட்டிழைத் தண்டு என்றால் என்ன? மூன்றாவது, மண்வெட்டிக்கும் கோடரிக்கும் காம்பு என்றுதானே சொல்கிறோம். மட்டைக்காம்பு என்று சொல்லாமல் தண்டு என்பானேன்?

டர்பனிலிருந்து

அம்மா, மூன்றாவதை முதலில் முடித்துவிடுகிறேன். காம்பு நல்ல சொல். ஆனால் காம்பைத்தான் நாம் கையில் பிடிக்கிறோம். கோல்ஃப் மட்டையில் கை படுவது ரப்பர் பிடியில். பிடிக்கும் தலைக்கும் நடுவில் இருப்பதைக் காம்பு என்றால் ‘காம்பை மாற்று’ என்னும்போது பிடியை மாற்றுவதா, தண்டை மாற்றுவதா என்ற குழப்பம் வரும். இரண்டும் வேறு வேறு வேலை, வேறு வேறு கூலி.

கரிம இழை தப்பில்லை. ஆனால் கரிமவேதியியல் என்று ஒரு துறையே இருப்பதால், கரிம என்ற அடை அந்தப் பக்கம் இழுக்கிறது. கரியிழை ஒரே மூச்சில் வரும் சொல். இந்த இழை உண்மையிலேயே கரியாக்கப்பட்டதுதான். சூளையில் மற்றதெல்லாம் ஆவியாகிப் போக, எஞ்சுவது பெரும்பாலும் கார்பன். அடுப்புக்கரி நினைவு வந்தாலும் அது தவறான திசையில் கொண்டுபோகாது.

பிசினை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். கூட்டிழை என்றால் இழைகள் மட்டும் கூடியிருக்கின்றன என்று ஆகிவிடும். பணிமனையில் இந்தத் தண்டு கெடுவதெல்லாம் பெரும்பாலும் பிசினால்தான். பிசின் இருக்கிறது என்பது பெயரிலேயே தெரிந்தால் கற்கிறவன் கை தானாகவே எச்சரிக்கையாகும்.

தலையைக் கழற்றுவதைப் பாருங்கள். எஃகுத் தண்டானால் தலையின் குழலைச் சிறு தீச்சுடரில் காட்டி, முறுக்கி எடுத்துவிடலாம். இழைப்பிசின் தண்டில் அப்படிச் செய்தால் ஒட்டுப்பசை இளகுவதற்கு முன்பே தண்டின் சொந்தப் பிசின் வெந்துவிடும். இரண்டுமே எப்பாக்சிதான், இளகும் சூடு கிட்டத்தட்டப் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறது. ஆகவே சுடருக்குப் பதில் வெப்பக்காற்றுத் துப்பாக்கி. சூடு குழலின் உலோகத்தில் மட்டும் படட்டும், பூணுக்கு மேலே ஏற வேண்டாம். தண்டை ரப்பர் தாடை வைத்த பிடிகருவியில் பிடித்து, இழுவைக் கருவியால் நேர்கோட்டில் இழுக்க வேண்டும். முறுக்கவே கூடாது. சூடான பிசின் இழைகளை இறுக்கிப் பிடிக்காது. முறுக்கினால் நுனி நீளவாக்கில் பிளந்துவிடும். வெளியே கீறல் தெரியாமல் உள்ளே அடுக்கு விட்டுப்போயிருக்கும். இருபது முப்பது அடிக்குப் பிறகு தலை பறக்கும்.

திரும்ப ஒட்டுவதிலும் இதே கவனம். நுனியில் ஏறக்குறைய 30 மி.மீ. நீளத்துக்குச் சாயத்தை மட்டும் சுரண்ட வேண்டும். 220 எண் உப்புத்தாள் போதும். கருப்புத் தூள் உதிரத் தொடங்கினால் இழையை வெட்டுகிறோம் என்று பொருள், அங்கேயே நிறுத்திவிட வேண்டும். குழலின் வாய் விளிம்பைச் சரிவாகச் சீவியிருக்க வேண்டும். கூர் விளிம்பாக இருந்தால் ஒவ்வொரு அடியிலும் அது தண்டை அறுத்துக்கொண்டே இருக்கும். பூணுக்குச் சற்று கீழே ஒடிந்து வரும் தண்டுகளில் பலவற்றுக்குக் காரணம் இதுதான். நுனியின் குறுக்களவையும் பார்த்துக்கொள்ளுங்கள். டிரைவருக்கு வழக்கமாக 8.5 மி.மீ., இரும்பு மட்டைக்கு 9.4 மி.மீ. குழல் தளர்வாக இருந்தால் பசையில் சிறிது கண்ணாடி மணித்தூள் கலந்தால் தண்டு நடுவில் நிற்கும். 24 மணி நேரம் தொடக் கூடாது.

வெட்டும்போது குழாய் வெட்டி எடுக்கவே கூடாது, அது நெரித்து உடைத்துவிடும். மறைப்பு நாடாவைச் சுற்றி, உராய்வுச் சக்கரத்தாலோ அங்குலத்துக்கு 32 பல் உள்ள ரம்பத்தாலோ மெல்ல வெட்ட வேண்டும். முகமூடி கட்டாயம். அந்தத் தூள் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் மோட்டார் பக்கம் பறக்க விடக் கூடாது.

நம் ஊருக்கென்று இரண்டு எச்சரிக்கைகள். டர்பன் கோடையில் வெயிலில் நிறுத்திய கார் டிக்கிக்குள் மட்டைகளை விட்டுவைத்தால் ஒட்டுப்பசை வலுவிழக்கும். அடுத்தது கடல்காற்று. கரியிழை துருப்பிடிக்காது என்பது உண்மை. ஆனால் இப்போது டிரைவர்களில் தண்டு நுனியில் அலுமினிய உறை ஒட்டப்பட்டிருக்கிறது. கார்பனும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் நேராகத் தொட்டால் அலுமினியம் அரிக்கும். பசை இடைவெளியில்லாமல் சுற்றிலும் படிந்திருந்தால் இரண்டும் தொடாது. ஆகவே பசையைக் கஞ்சத்தனமாகத் தடவக் கூடாது.

இனி ‘டார்க்’. இதை முறுக்குவிசை என்று எழுதிவிடாதீர்கள். தண்டில் ‘4.5’ என்று அச்சிட்டிருப்பது விசை இல்லை, பாகை. அடிப்பக்கத்தை அசையாமல் பிடித்து, நுனியில் ஓர் அடி-பவுண்டு முறுக்கு கொடுத்தால் எத்தனை பாகை திரும்புகிறது என்பதே அந்த எண். எண் கூடினால் தண்டு இளக்கம் என்று பொருள். முறுக்குவிசை என்று எழுதினால் கூடிய எண் வலுவான தண்டு என்று தலைகீழாகப் புரிந்துகொள்வார்கள். முறுக்கக் கோணம் என்பதே சரி. எல்லா நிறுவனங்களும் ஒரே முறையில் அளப்பதில்லை என்பதையும் பக்கத்தில் போடுங்கள்.

பீனிக்ஸிலிருந்து

இழைப்பிசின் தண்டுக்கு என் ஒப்புதல். ஒரு கேள்வி அண்ணா: கரியிழைக் குழலின்மேல் மெல்லிய எஃகு இழையைச் சுற்றிய தண்டுகளும் வருகின்றன. அதை எந்தப் பெயரில் அடக்குவது? ‘ஃபிளெக்ஸு’க்கு நெகிழ்ச்சி என்று போட்டிருந்தார்கள், எனக்கு வளைமை பிடித்திருக்கிறது. நெகிழ்ச்சி முறுக்கத்துக்கும் பொருந்திவிடும்.

டர்பனிலிருந்து

வளைமைதான் சரி தம்பி. மென்வளைமை, இயல்வளைமை, விறைவளைமை என்று படி பிரிக்கலாம். ஆனால் ஒரு நிறுவனத்தின் விறைவளைமை இன்னொரு நிறுவனத்தின் இயல்வளைமையாக இருக்கும். ஆகவே நிமிடத்துக்கு எத்தனை அதிர்வு என்ற அளவைத்தான் நம்ப வேண்டும். இழைத் தாளைச் சுருட்டும்போது ஓரம் ஓரத்தின்மேல் ஏறும் இடத்தில் ஒரு பக்கம் சற்று விறைப்பாகிவிடும். அதிர்வு அளக்கும்போது தண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் அது தெரியும். எப்படித் திருப்பினாலும் தண்டு ஒரே அளவு வளைய வேண்டும், இரு பக்கமும் ஒரே அளவு முறுக வேண்டும் என்பது ஆட்ட விதி.

நீ கேட்டது எஃகிழை சேர்ந்த தண்டு. அதை எஃகிழை போர்த்த கரியிழைத் தண்டு என்று முழுதாகவே எழுதலாம். எஃகுத் தண்டு என்ற தலைப்பின் கீழ் மட்டும் போட வேண்டாம். யாராவது சுடரில் காட்டிவிடுவார்கள்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து

பிசின் பற்றி எனக்கு இருந்த தடை நீங்கியது. அது இளகும் என்பதே பாடமானால் பெயரில் இருக்கட்டும். ஹோசலுக்குத் தம்பி எழுதும்போதே தலையின் குழல் என்று வந்துவிட்டது. தலைக்குழல் என்றே வைத்துக்கொள்ளலாம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து

அனைவருக்கும் நன்றி. வரைவில் இப்படி மாற்றிவிட்டேன்: காம்போசிட் ஷாஃப்ட் – இழைப்பிசின் தண்டு. கிராஃபைட் ஷாஃப்ட் – கரியிழைத் தண்டு. ஃபைபர்கிளாஸ் ஷாஃப்ட் – கண்ணாடியிழைத் தண்டு. மாண்ட்ரல் – உட்கோல். ஃபிளெக்ஸ் – வளைமை. டார்க் – முறுக்கக் கோணம், பாகையில். ஹோசல் – தலைக்குழல். ஃபெரூல் – பூண். முதல் பதிப்பில் ஒவ்வொன்றின் பக்கத்திலும் கடைப்பெயர் தமிழ் எழுத்தில் இருக்கும், பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்க வேண்டுமே.

தலை கழற்றும் பக்கத்தை எஃகுக்கும் இழைப்பிசினுக்கும் தனித்தனித் தாளாகப் பிரித்திருக்கிறேன். இரண்டாவது தாளின் மேலே சிவப்பில்: ‘சுடர் கூடாது. முறுக்கக் கூடாது. நேராக இழு.’ கண்ணாடி மணித்தூள் எவ்வளவு கலப்பது என்று மட்டும் டர்பன் தம்பி ஒரு வரி அனுப்பினால் அந்தத் தாளை முடித்துவிடுவேன்.

டர்பனிலிருந்து

ஒரு சிட்டிகை போதும் ஐயா. பசையின் இரு பாகத்தையும் முதலில் நிறம் ஒன்றாகும்வரை குழைத்து, பிறகு தூளைத் தூவ வேண்டும். முன்பே தூவினால் பசை சரியாகக் கலந்ததா என்று கண்ணுக்குத் தெரியாது.