கியர்பாக்ஸ் முதலில், டீசல் பிறகு: 1992 டாட்ஜ் பிக்கப்பில் நான் பட்ட அனுபவம்

பழைய டர்போ பிக்கப் வைத்திருப்பவர்கள் அவரவர் அனுபவத்தைச் சொல்லலாம் என்று இந்தக் குழுவில் கேட்டிருந்தீர்கள். என்னுடையதைச் சொல்கிறேன். சற்று நீளமாகத்தான் இருக்கும்.

என் வண்டி 1992 டாட்ஜ் டி250. பின்சக்கர இயக்கம், ஐந்து கியர் மேனுவல். உள்ளே இருப்பது ஆறு சிலிண்டர் 5.9 லிட்டர் கம்மின்ஸ் டர்போ டீசல். டெக்சாஸில் சான் அன்டோனியோவுக்கு வெளியே கொஞ்சம் நிலம் வைத்திருக்கிறேன். வைக்கோல் கட்டுகளையும் சிறிய டிராக்டரையும் டிரெய்லரில் ஏற்றி இழுக்கத்தான் இதை வாங்கினேன். உண்மையைச் சொன்னால் இன்னொரு காரணமும் உண்டு. நாமக்கல்லில் அப்பா ஓட்டிய டாட்டா 1613 லாரியிலும் இதே குடும்பத்து இன்ஜின்தான்; ஜாம்ஷெட்பூரில் தயாரானது. விற்பவர் சாவியைத் திருப்பியதும் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். அதன் பிறகு விலை பேச எனக்கு மனம் வரவில்லை.

அந்த இன்ஜினின் சக்தி அன்றைய கணக்கில் 160 குதிரைத்திறன். இன்றைக்கு அது பெரிய எண் இல்லை. முறுக்குவிசைதான் கதை: நிமிடத்துக்கு 1,700 சுற்றிலேயே 542 நியூட்டன் மீட்டர். இன்ஜினுக்கு டீசலை அளந்து செலுத்துவது போஷ் விஇ ரகச் சுழல் பம்ப். அதன் பின்பக்கத்து ஸ்குருவைக் கொஞ்சம் உள்ளே திருப்பினால் டீசல் கூடும், இழுவையும் கூடும். கணினியும் வேண்டாம், பெரிய செலவும் இல்லை. எல்லோரும் செய்வதை நானும் முதலில் செய்தேன். புகைபோக்கி வெப்பமானி ஒன்றைப் பொருத்தி, 1,250 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டேன். இன்ஜினுக்கு ஒரு குறையும் வரவில்லை. அதற்குப் பின்னால் இருப்பவற்றை நான் யோசிக்கவே இல்லை.

நான்கு மாதத்தில் கிளட்ச் வழுக்கியது. மேட்டில் ஐந்தாவது கியரில் மிதித்தால் சுற்று ஏறும், வேகம் ஏறாது. கிளட்ச் தட்டை மாற்றினேன். வழுக்கல் நின்றது. அதுவரை வழுக்கி வீணான விசை முழுவதும் அன்றிலிருந்து கியர்பாக்ஸுக்குள் போகத் தொடங்கியது. பழைய சீல் வழியாக எண்ணெய் கசிந்து அளவு குறைந்திருந்ததை நான் பார்க்கத் தவறினேன். ஒரு சனிக்கிழமை டிராக்டரை ஏற்றிக்கொண்டு ஐ-10 நெடுஞ்சாலையில் கெர்வில் தாண்டி மேற்கே போனேன். அந்தப் பக்கம் சாலை குன்றுகளில் ஏறி இறங்கும். ஐந்தாவது கியரில் மெல்லிய ஊளை ஒன்று கேட்டது. ஐந்து மைலுக்குள் அது அரைக்கும் சத்தமாக மாறியது, பிறகு ஐந்தாவது கியரே இல்லை. நான்காவதில் 65 மைல் வேகம் போனால் இந்த வண்டி 2,450 சுற்றில் அலறும். ஐம்பதில் ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தேன்.

அன்றிரவு உட்கார்ந்து போட்ட கணக்கை முன்பே போட்டிருக்க வேண்டும். கிளட்சில் வருவது 542 நியூட்டன் மீட்டர். 5.61 விகிதமுள்ள முதல் கியரைத் தாண்டியதும் அது, கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்கு விசையைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டில் ஏறக்குறைய 3,040. பின் ஹவுசிங்கில் (பின்சக்கரங்களுக்கு நடுவே உள்ள கியர் பெட்டி) கிரவுன் பினியன் விகிதம் 3.54 என்றால் ஆக்சிலில் 10,760. உராய்வு இழப்பை விட்டுவிடுங்கள். இன்ஜினில் நூறு கூட்டினால் ஆக்சிலில் கிட்டத்தட்ட இரண்டாயிரம் கூடுகிறது. பம்ப் ஸ்குருவைத் திருப்ப ஆகும் ஐந்து நிமிடத்தில் நாம் சக்கரம் வரைக்கும் எல்லாப் பாகங்களிடமும் கூடுதல் வேலை கேட்கிறோம்.

மாற்றாக என்வி4500 என்ற வார்ப்பிரும்புக் கியர்பாக்ஸைத் தேர்ந்தெடுத்தேன். 1994 முதல் டாட்ஜ் டீசல் பிக்கப்களில் வந்தது. இதே இன்ஜினுக்குப் பொருந்தும் பெல் ஹவுசிங்கோடு, அதாவது இரண்டையும் இணைக்கும் கிளட்ச் உறையோடு, கிடைக்கும். கிட்டத்தட்ட 90 கிலோ. தயவுசெய்து இதை நெஞ்சில் தாங்கி ஏற்ற முயலாதீர்கள், கியர்பாக்ஸ் ஜாக்கி வாடகைக்குக் கிடைக்கிறது. ஃப்ளைவீலைக் கடைசல் பட்டறையில் சமன் செய்து, 13 அங்குலக் கிளட்சுக்கு மாறினேன். ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், பின் சீல் எல்லாம் புதியவை. கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை நகர்த்தி, ஷாஃப்டின் நீளத்தை மாற்றி பேலன்ஸ் செய்யக் கொடுத்தேன். இவ்வளவும் இரண்டு வார இறுதிகளில் முடிந்தன.

அடுத்த ஒரு மாதத்தைத் தின்றது ஓர் அதிர்வு. 45 மைலில் தொடங்கும், 55-இல் மறையும். சக்கரத்தைச் சந்தேகித்தேன், சென்டர் பேரிங்கைச் சந்தேகித்தேன், ஷாஃப்டைத் திரும்பக் கொண்டுபோய் பேலன்ஸ் பார்த்தேன். குற்றவாளி கோணம். ஷாஃப்டின் முனைகளில் இருக்கும் மடங்கும் இணைப்பான யூ ஜாயிண்ட் கிராஸ் சாய்ந்து சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் ஷாஃப்ட் இருமுறை வேகம் கூடிக் குறையும். ஒரு முனையின் கோணம் மறுமுனையின் கோணத்துக்குச் சமமாக இருந்தால்தான் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சமமாகும். புதிய கியர்பாக்ஸின் வால்பகுதி பழையதைவிடச் சற்றுத் தாழ்வாக உட்கார்ந்திருந்தது. கியர்பாக்ஸ் உட்காரும் தாங்கியின் கீழே அரை அங்குலத் தகடு ஒன்றை வைத்தேன். அதிர்வு போயே போய்விட்டது. கோணம் பார்க்கும் அளவுகோல் பதினைந்து டாலர்தான். முதல் நாளே வாங்கியிருந்தால் அந்த மாதம் மிச்சம்.

இப்போது ஐந்தாவதில் 65 மைலுக்கு 1,850 சுற்று. இன்ஜின் தன் முறுக்குவிசையின் உச்சத்துக்குப் பக்கத்திலேயே நிதானமாக ஓடுகிறது. இழுக்கும்போது கைப்பிடியில் வரும் அந்த அமைதிக்காக இத்தனை வேலையையும் இன்னொரு முறை செய்யச் சொன்னாலும் செய்வேன்.

* * *

மேலே எழுதிய அண்ணாவுக்கு ஒஹாயோவிலிருந்து பதில் எழுதுகிறேன். என் வண்டியில் இந்த என்வி4500 கியர்பாக்ஸ் பல வருடமாக ஓடுகிறது. ஒரு விஷயத்தைச் சேர்க்க வேண்டும், அண்ணா. ஐந்தாவது கியரை மெயின் ஷாஃப்டில் பிடித்திருக்கும் நட்டைக் கவனியுங்கள். ஐந்தாவதில் ஆயிரத்து இருநூறு சுற்றில் போய்க்கொண்டே முழு மிதி கொடுக்கும் பழக்கம் எனக்கு இருந்தது. டீசல் இன்ஜினின் முறுக்கு அதிர்வு ஷாஃப்டின் பற்களைத் தேய்த்து, நட்டு மெல்லத் தளர்ந்தது. கியர் ராடு ஐந்தாவதுக்குள் ஒழுங்காக விழும், ஆனால் வண்டிக்கு விசை வராது. சாய்வுச் சாலையில் சரக்கோடு இப்படி ஆனால் நெஞ்சு ஒரு நொடி நின்றுவிடும். முழு நீளத்துக்கும் பற்கள் வெட்டிய ஷாஃப்டும், ஸ்குரு வைத்துப் பூட்டும் நட்டும் கிடைக்கின்றன. கியர்பாக்ஸ் கீழே இருக்கும்போதே போட்டுவிடுவது நல்லது. 1,600 சுற்றுக்குக் கீழே ஐந்தாவதில் மிதிப்பதை நான் விட்டுவிட்டேன்.

* * *

என்னுடையது 1993, ஆட்டோமேட்டிக். இதே நோய் வேறு உருவில். எங்கள் ஆண்டின் நான்கு கியர் ஆட்டோமேட்டிக்கில் டார்க் கன்வர்ட்டருக்கு (கிளட்சுக்குப் பதிலாக எண்ணெய் வழியே விசையைக் கடத்தும் பாகம்) லாக்கப், அதாவது வழுக்காமல் நேராகப் பூட்டும் அமைப்பு, கிடையாது. நெடுஞ்சாலையில்கூட எண்ணெய் வழியாகத்தான் விசை போகும், ஆகவே வழுக்கலும் சூடும் ஓயாது. டீசலைக் கூட்டக் கூட்டச் சூடும் கூடும். 1994-இல் லாக்கப்போடு வந்த கியர்பாக்ஸுக்கு மாறி, அந்த லாக்கப்பை இயக்க ஒரு சுவிட்ச் வைத்துக்கொண்டேன். கூடவே பெரிய எண்ணெய்க் கூலரும் வெப்பமானியும். இந்த மூன்றில் ஒன்றை மட்டும் இப்போது வாங்க முடியும் என்றால் வெப்பமானியை வாங்குங்கள்.

முதலில் எழுதிய அண்ணாவிடம் ஒரு கேள்வி: புதிய கியர்பாக்ஸுக்குள் என்ன எண்ணெய் ஊற்றுகிறீர்கள்? என் நண்பர் ஒருவர் மேனுவலுக்கு மாறப் போகிறார்.

* * *

தம்பி, ஜிஎல்-4 தரத்து 75டபிள்யூ-90 சின்தெடிக் கியர் எண்ணெய். கடையில் பின் ஹவுசிங்குக்கான ஜிஎல்-5-ஐ எடுத்துக் கொடுப்பார்கள், வாங்காதீர்கள். அதிலுள்ள சேர்மானம், கியர் மாற்றும்போது வேகத்தைச் சமப்படுத்தும் சின்க்ரோ வளையங்களுக்கு ஆகாது. முதல் ஐந்நூறு மைலில் ஒருமுறை வடித்துப் பாருங்கள். காந்தத் திருகில் மாவுபோல் சாம்பல் படிந்திருந்தால் கவலையில்லை. துண்டாக ஏதாவது ஒட்டியிருந்தால் வண்டியை நகர்த்தாமல் இங்கே படம் போடச் சொல்லுங்கள்.

ஒஹாயோ நண்பர் சொன்ன நட்டை, கியர்பாக்ஸை மூடும் முன்பே மாற்றிவிட்டேன். அவருக்கு நன்றி. பம்ப் ஸ்குருவை இன்னும் கால் சுற்று திருப்ப ஆசை இருக்கிறது. பின் பிரேக் டிரம்களையும் டிரெய்லர் பிரேக் வயரிங்கையும் முடித்த பிறகுதான் அதைத் தொடுவேன்.