ஒன்வே கிளட்ச்: ஒருதிசைக் கவ்வி?

வணக்கம் நண்பர்களே,

பைக்கின் செல்ஃப் ஸ்டார்ட்டில் இருக்கும் ஒன்வே கிளட்சுக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் உரையாடலில் ஒரு நண்பர் இப்படிக் கேட்டிருந்தார்:

> ஒருவழி உரசிணைப்பி என்று வைத்தால் ஏற்கெனவே புழங்கும் சொல்லோடு ஒத்துப்போகுமே.

ஒத்துப்போகும், சரிதான். ஆனால் கிளட்சைக் குறிக்கும் உரசிணைப்பி என்றதும் கியர் மாற்றும்போது விலகும் கிளட்ச் தட்டுகள்தான் நினைவுக்கு வரும். செல்ஃப் மோட்டாருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் ஒன்வேயில் தட்டே கிடையாது. பல பைக்குகளில் மூன்று உருளைகளும் அவற்றைத் தள்ளும் சிறு ஸ்பிரிங்குகளும்தான் உள்ளே இருக்கும். மோட்டார் சுழலும்போது உருளைகள் குறுகலான பக்கம் நகர்ந்து, ஆப்பாக இறுகி, எஞ்சினைச் சுற்றவைக்கும். எஞ்சின் பிடித்து வேகமெடுத்ததும் தளர்ந்து விட்டுவிடும். மிதிக்காமல் இருந்தாலும் சைக்கிள் சக்கரம் ஓடுகிறதே, அதே வேலை.

ஆகவே என் பரிந்துரை: ஒருதிசைக் கவ்வி.

பழுது பார்க்கும்போதுதான் இந்தச் சொல்லின் அருமை தெரியும். பழைய பைக்கில் செல்ஃப் எடுக்கவில்லை என்றால் முதலில் சத்தத்தைக் கவனிக்க வேண்டும். பட்டனை அழுத்தியதும் டக் டக் டக் என்று விடாமல் அடித்தால் பெரும்பாலும் பேட்டரிதான். முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்ட வேண்டியது, அழுத்தும்போது 10-க்கும் கீழே விழுந்துவிடும். ஒரே ஒரு டக் வந்து மோட்டார் அசையாவிட்டால் ரிலேயின் (மோட்டாருக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்) தொடுமுனை, எர்த் வயர், மோட்டாரின் கார்பன் பிரஷ் என்று வரிசையாகப் பார்க்கலாம். மோட்டார் விர்ரென்று சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் அசையவே இல்லை என்றால்? அப்போது புது பேட்டரி போட்டும் பயனில்லை. கவ்வி கவ்வவில்லை. விட்டு விட்டுப் பிடித்தால் கவ்வி வழுக்குகிறது. எஞ்சின் ஓடும்போதும் மோட்டாரை இழுத்துச் சுற்றினால் கவ்வி விடவில்லை. மூன்று கோளாறும் வினைச்சொல்லிலேயே வந்துவிடுகின்றன. உரசிணைப்பியை வைத்து இப்படிச் சொல்லிப் பாருங்கள்.

கவ்விக்குப் பதில் 'பற்றி' என்று வைக்கலாம் என்ற முன்மொழிவும் நல்ல வேர்தான். ஆனால் 'ஒருதிசைப் பற்றியைப் பற்றி' என்று எழுத நேர்ந்தால் கையேடு படிப்பவர் திணறுவார்.

அப்புறம், ஒன்வே கிளட்சிலேயே ஸ்ப்ராக் (sprag) என்ற இன்னொரு வகை பாக்கி இருக்கிறது. அதில் உருளைக்குப் பதில் '8' போன்ற வடிவமுள்ள கட்டைகள் சாய்ந்து நின்று இறுகும். 'கவ்வுகட்டை' என்றால் முழு உறுப்பு 'கவ்வுகட்டைக் கவ்வி' ஆகி நெருடுகிறது. 'சாய்கட்டை' எனக்குப் பிடித்திருக்கிறது: உருளைக் கவ்வி, சாய்கட்டைக் கவ்வி. பட்டறையில் இருப்பவர்கள் வேலைக்கு நடுவே சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.