நிலாவெளி வீதி நெடுந்தூர ஓட்டம்: கமராவோடு நிற்கிறவர்களுக்கு

திருகோணமலையில் உப்புவெளியிலிருந்து வடக்கே நிலாவெளிப் பக்கம் ஓடுகிற போட்டி என்றால் கடல் வலக்கைப் பக்கம். சூரியன் ஆறு மணியளவில் அங்கிருந்துதான் ஏறும். வீதியின் கடல் ஓரமாக நின்று தெற்கே பார்த்து எடுங்கள், வெளிச்சம் முகத்தில் விழும். எதிர் ஓரத்தில் நின்றால் முகம் கறுத்துவிடும், நெஞ்சிலுள்ள இலக்கமும் வாசிக்க வராது.

ஆனால் முதல் பிழை அதற்கு முன்பே நடந்துவிடும். இரவு ஏ.சி. அறையில் கிடந்த கமராவை விடிய வெளியே எடுத்தால் லென்ஸ் வேர்க்கும். துடைக்கத் துடைக்கத் திரும்ப மூடும். 5.30க்குத் தொடக்கம் என்றால் 4.30க்கே பை, சிப் திறக்காமல், முற்றத்தில் இருக்கவேணும். இருட்டோடு தொடங்கும்போது லென்ஸ் திறப்பு எஃப் 2.8, ஒளி உணர்திறன் ஐ.எஸ்.ஓ. 6400, ஷட்டர் 1/500 விநாடி. நன்றாக விடிந்தபிறகு 1/1000க்குக் கீழே இறங்கவேண்டாம், கால் கலங்கிவிடும்.

—

மேலே எழுதிய அண்ணா சொன்ன கடல் ஓரம் காலை எட்டரை மணி வரைதான் உதவும். பிறகு வெயில் உச்சிக்கு வந்து, தொப்பி நிழலில் கண்ணே தெரியாது. வேப்பமரமோ பூவரசோ முழுதாக நிழல் விழுத்துகிற இடமாகப் பாருங்கள். புள்ளி நிழல் வெறும் வெயிலைவிட மோசம்.

பத்து மணிக்குப் பிறகு படம் 'சொஃப்ட்' ஆகிவிட்டது என்று பலர் லென்ஸைத்தான் திட்டுவார்கள். குற்றம் தாரில். சுட்ட வீதிக்கு மேலே காற்று நெளியும், 400 மி.மீ. லென்ஸில் நூறு மீற்றர் தள்ளி வருகிறவரைப் பிடித்தால் முகம் தண்ணீருக்குள் இருப்பதுபோல வரும். ஷட்டரைக் கூட்டி இதைத் திருத்த ஏலாது. 70-200 மி.மீ. லென்ஸைப் போட்டு, 15 மீற்றருக்குள் வந்தபிறகு பொத்தானை அமத்துங்கள். தூரத்து ஆளைக் குந்தியிருந்து எடுக்கவும் வேண்டாம், பார்வை தாரோடு உரசிக்கொண்டு போகும்.

மான்கள் திரிகிற திருகோணமலைக் கோட்டைப் பக்கம் பாதை போனால் ஃபோகஸ் தெரிவை 'மனிதர்' என்று மாற்றி வையுங்கள். 'தானாக' என்று விட்டால் ஓடுகிற ஆளை விட்டுவிட்டு மானைப் பிடிக்கும். மான் அழகுதான், அதற்கு இலக்கம் இல்லை.

—

கடற்கரை மணலில் லென்ஸ் மாற்றுகிற வேலை வேண்டாம் தம்பி. இரண்டு கமரா இல்லையென்றால் ஒரே லென்ஸோடு சமாளியுங்கள். மேற்கேயிருந்து கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் தூசி தரைப் பக்கமிருந்து வந்து சூம் வளையத்துக்குள் நறநறக்கும். கடலின் உப்புத் தூவல் பட்டால் உடனே தேய்க்காதீர்கள், காய்ந்த உப்பு கீறும். முதலில் ஊதி, வடித்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுத்து, கடைசியாகத்தான் லென்ஸ் திரவம். லென்ஸுக்கு முன்னால் மாட்டுகிற யூ.வி. ஃபில்டர் வேறு எங்கே வீணானாலும், இங்கே வேலை செய்யும்.

—

எல்லாரும் மறக்கிற ஒன்று, கமரா மணிக்கூடு. இரண்டு கமராவுக்கும் நாற்பது விநாடி வித்தியாசம் இருந்தாலே இலக்கப்படி பிரிக்கும்போது வரிசை குழம்பும். தொடக்கத்தில் நேரப் பலகையை இரண்டாலும் ஒரு படம் எடுத்துவிட்டால், பிறகு கணினியில் சரிசெய்யலாம்.

முந்நூறு பேர், மூன்று இடம், ஆளுக்கு ஐந்து படம்: 4500. 24 மெகாபிக்சல் ஜேபெக் என்றால் ஒரு 64 ஜிபி மெமறி காட் தாங்கும், ரோ (கமராவின் மூலக் கோப்பு) என்றால் பாதியிலே நிரம்பும். பட்டரி நாலு. நாலாவதைப் பையில் போடாமல் காற்சட்டைப் பொக்கற்றில் வையுங்கள், அது கடைசி ஆளுக்கு. நேரம் முடிகிற தறுவாயில் நொண்டிக்கொண்டு வருகிறவரின் வீட்டார்தான் படம் கேட்டு முதலில் அழைப்பார்கள்.